சுருட்டுப் பிடிக்கும் சுவர்

மட்டாஞ்சேரியில் ஒரு சுவர் சுருட்டுப் பிடிக்கிறதாம்! கேள்விப்பட்டதும் வைப்பினிலிருந்து படகேறி வந்தார்கள். சுள்ளிக்கல்லிலிருந்து ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். புருஷன் பிடித்தால் பிடுங்கி எறிகிற பெண்கள்கூட, சுவர் பிடிப்பதைக் கைகூப்பிப் பார்த்தார்கள்.

அது கமலாக்ஷியின் வீட்டுச் சுவர். கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனி ஆள். ஒரு காலையில் அவள் உள்ளறைச் சுவரில் துளை இருந்தது. மறுநாள் காலையில் வாசலில் சாமியார் இருந்தார். சங்கர்ராம் சாமி. போன வருஷம்வரை பிராட்வே கடைத்தெருவில் மொபைல் உறை விற்றவர். உறையைவிட, உள்ளே ஒன்றுமே இல்லாத சரக்குக்குத்தான் மவுசு என்று கண்டுகொண்டவர்.

துளையில் சுருட்டைச் செருகிப் பற்றவைத்தால், யாரோ இழுப்பதுபோல் நுனி கனன்று அடங்கும். ஒருமுறை கனன்றால் 'ஆமாம்'. இருமுறை என்றால் 'இல்லை'. இந்த அகராதியை இயற்றியவரும் சாமிதான்.

இழுப்பது யார்? காப்பிரி முத்தப்பன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மக்களே. போர்ச்சுக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அது வரலாறு. டச்சுக்காரர் படையெடுத்தபோது தங்கத்தைச் சுவருக்குள் ஒளித்து, காவலுக்கு அடிமையையும் கொன்று புதைத்துவிட்டு ஓடினார்கள். அது கதை. ஊரைவிட்டு ஓடுகிறவன் தங்கத்தைக் கையோடு கொண்டுபோகாமல் சுவருக்குக் கொடுத்துவிட்டா போவான்? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் புதையல் கரைந்துவிடும் அல்லவா!

திடீரென்று முத்தப்பனுக்குக் கோபம் வந்தது. கமலாக்ஷி வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவாள் என்றார் சாமி. "பக்கத்துச் சரக்குக் கிட்டங்கி ரமேஷ்பாபுவுக்கா?" என்று சுவரைக் கேட்டார். நுனி ஒருமுறை கனன்றது. "பாதி விலைக்கா?" இன்னும் ஆனந்தமாகக் கனன்றது. முந்நூறு வருஷத்துக்கு மேல் சுவருக்குள் கிடந்தவருக்கு மட்டாஞ்சேரி மனை நிலவரம் அத்துப்படி!

மசாலாக் கடை ரம்லத் எட்டிப் பார்த்தாள்.

"எந்தா சேச்சி, சட்டி பானையெல்லாம் சாக்குல கட்டறீங்க?"

"நாளைக்குக் கையெழுத்து, ரம்லத்தே. முத்தப்பன் சொல்லியாச்சு."

"ஆயுசு பூரா உழைச்சு வாங்கின வீடு. இதை விட்டா எங்க போவீங்க?"

"தெரியல. ரத்தம் கக்கறதுக்கு ரோடு பரவால்ல."

"செத்து மண்ணாப் போனவரு எந்த நெஞ்சை வச்சு சேச்சி புகை இழுக்கறாரு?"

"சும்மா இருடி, பாவம் புடிக்கும்!"

"எனக்குத்தானே, புடிக்கட்டும். நாளைக்கு ஒரு சுருட்டு நான் கொண்டாரேன். முத்தப்பன் அதை முழுசா இழுத்தாருன்னா உங்க அலமாரிய நானே தலைல சுமக்கறேன். இழுக்கலன்னா கையெழுத்து கிடையாது. சம்மதமா?"

கமலாக்ஷி யோசித்தாள். "அலமாரி தேக்கு. பாத்துக்க" என்றாள்.

மறுநாள் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேஜைமேல் ஒப்பந்தம் தயார்.

"சாமி, எனக்கு ஒரு நேர்ச்சை. என் கைச் சுருட்டு ஒண்ணு முத்தப்பனுக்கு" என்றாள் ரம்லத், தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு.

"பாருங்க, மதம் கடந்த பக்தி!" சாமிக்கு ஒரே பூரிப்பு. அவரே வாங்கிச் செருகி, அவரே பற்றவைத்தார்.

அந்தச் சுருட்டில் புகையிலை பேருக்குத்தான். மீதியெல்லாம் ரம்லத் கடையில் இடித்த காய்ந்த மிளகாய்.

"கையெழுத்துப் போடலாமா, முத்தப்பா?"

நுனி பலமாகக் கனன்றது. அப்புறம் சுவர் இருமியது. தும்மியது. மறுபடி இருமியது. எங்களுக்கும் கண் எரிந்தது. ஆனால் நாங்கள் உயிரோடு இருக்கிறவர்கள், எரியத்தான் செய்யும்.

"முத்தப்பனுக்குக் கோபம்!" என்று சாமி கத்தினார்.

"கோபம் மூக்கு வழியாவா வரும்?" என்றாள் ரம்லத்.

"என்டம்மே! இச்சிரி வெள்ளம் தாயோ!" என்று சுவர் தண்ணீர் கேட்டு அலறியது.

"ஆப்பிரிக்காக்காரர் மலையாளம் பேசறாரே?" என்றார் ஒருவர்.

"இவ்வளவு காலமா இங்கதானே இருக்காரு, பழகியிருப்பாரு" என்றார் பக்கத்துப் பக்தர்.

ரம்லத் கமலாக்ஷியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். நாங்களும் ஓடினோம். சுவருக்கு அந்தப் பக்கத்துக் கிட்டங்கிக் கதவு திறந்தது. ரமேஷ்பாபு விழுந்தடித்து வெளியே வந்தார். மூக்கு ஒழுக, கண் பிதுங்க, கையில் சுவரிலிருந்து பிடுங்கி வந்த பிளாஸ்டிக் குழாய்.

சாமி விடுவாரா? "முத்தப்பன் இவர் மேல இறங்கியிருக்காரு!" என்றார். அதையும் நம்பி ஒருவர் சட்டென்று காலில் விழுந்தார். எழுப்புவதற்குள் சாமியைக் காணோம்.

கமலாக்ஷி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ரமேஷ்பாபுவிடம் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் ஒப்பந்தத்தை நீட்டினாள்.

"இதுல மூக்கைத் துடைச்சுக்க."

துளையைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. இன்னும் ஆள் வருகிறது, தங்கம் இருக்குமோ என்று சுவரைத் தட்டிப் பார்க்க. மக்களே, பேர்கூடத் தெரியாத அந்த மனிதனை உயிரோடிருந்தபோது யார் யாரோ விற்றார்கள். செத்த பிறகு நாம் பிடித்து வீட்டு புரோக்கராக்கிவிட்டோம். சுவரிடம் கேட்கிற கேள்வியை ஒருதரம் உங்கள் தலையிடம் கேட்டுப் பாருங்கள். அது பதில் சொல்லச் சுருட்டுக் கேட்பதில்லை.