ஐம்பத்து நான்கு படிகளும் என் இரண்டு முழங்கால்களும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், என் மகளும், ஐந்து மாதத்துப் பேத்தியும் முழங்கால் உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் சொன்னீர்கள் என்பதற்காகத்தான் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தேன். மூன்று மாதம் ஆகிறது. தங்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக நிறுத்து அனுப்பியவன் நான். முதல் நாளே என்னை ஓர் எடை மிஷின்மேல் ஏற்றி, நூற்று நான்கு கிலோ என்று உரக்கப் படித்தாள். லாரிக்குக்கூடச் சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போட்டுக் கழிப்போம், எனக்கும் சட்டை, பெல்ட், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கழியுங்கள் என்றேன். "கழிச்சாச்சு, ஒரு கிலோ. மிச்சம் நூத்தி மூணும் நீங்கதான்" என்றாள். அடுத்த வாரம் பக்கத்து மேஜையில் சும்மா இரண்டு விரலை ஊன்றிக்கொண்டு நின்றேன். "ஐயா, கையை எடுங்க" என்றாள். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்துகிற டிரைவர்கள் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்! என் முகத்தில் ஈயாடவில்லை. கூட வந்த என் மனைவி, ஆறுதல் சொல்லாமல், என் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்து அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டாள்.

பயிற்சி என்று அவள் கொடுப்பதைக் கேளுங்கள். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்திக்கொண்டு பத்து எண்ண வேண்டும். அந்தத் துண்டு என்ன பாவம் செய்தது? பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, உட்கார வேண்டும். எதற்கு எழுந்தோம் என்று கேட்கக் கூடாது. வலிக்கிற மூட்டை ஆட்டாமல் வைத்திருப்பதுதானே நியாயம் என்றால், "தேஞ்சது தேஞ்சதுதான் ஐயா. சுத்தியிருக்கிற தசைக்குப் பலம் வந்தா அது சுமையைத் தாங்கும். நீங்க ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்கு நாலு கிலோ மிச்சம்" என்கிறாள். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்பாள். ஆறே முக்கால் என்பேன். முழு எண்ணாகச் சொல்லச் சொல்வாள். எனக்குத் தொழில் புத்தி விடவில்லை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்பது இன்னொரு பாடம். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன். "ரெண்டுல எது உங்களைக் கொஞ்சமா திட்டுதோ, அது நல்ல கால்" என்றாள். எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிறாள்.

ஐந்து கிலோ குறைந்திருப்பதாக அவள் நோட்டு சொல்கிறது. அந்த மிஷினில், எடை சரி என்று சர்க்கார் குத்துகிற முத்திரையே இல்லை. குனிந்து அடியில்கூடத் தேடிவிட்டேன். நம்புவதற்கில்லை. நாளையிலிருந்து போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். தங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படி. என் வீட்டுக்கோ இரண்டு பஸ் மாற வேண்டும், கைக்குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆகவே ஞாயிறுதோறும் தாங்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறீர்கள். நான் சைக்கிள் நிறுத்துமிடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்க்கிறேன். போன ஞாயிறு அவள் வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அழுதாள். "தூக்கக் கலக்கம், வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். அது தங்கள் பெருந்தன்மை. எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. எடை குறைந்திருந்தால் அதனால்தான். என் பேத்திக்கு நான் யாரோ ஆகிவிட்டேன் சம்பந்தி, அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இனிமேல் புதன்கிழமையும் அவளைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே ஏறுவது என்பது எனக்கு இந்த ஜென்மத்தில் நடக்காது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். பேத்திக்கு என் பங்கு முத்தத்தையும் தாங்களே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: தபாலில் போட்டால் புதன் தாண்டிவிடும் என்று நானே கொண்டுவந்தேன். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். ஆளைக் காணோம். முதல் மாடியில் கொடுக்கலாம் என்று ஏறினேன், வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது மாடியிலும் பூட்டு. அங்கே படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முப்பத்தாறு ஆயிற்று, பதினெட்டு பாக்கி. மேலே குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. இதைத் தாங்கள் படிக்கும்போது நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன். மூச்சு வாங்கும், பேச்சு வராது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்: நாற்காலி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். குழந்தையைக் கொடுங்கள். அவள் அழுதாலும் திருப்பி வாங்கிக்கொள்ளாதீர்கள்.