பெட்டிகளுக்கு நடுவே ஒரு பொட்காஸ்ட்

மாத்தளையில் உயிரோடு நடமாடிய அத்தனை பேரையும் மனதுக்குள் ஒரு தடவையாவது மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்த்தவர் ஒரே ஒரு மனிதர்தான். அவருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருடைய மனைவிக்கும் வஹகோட்டைக் கோயில் சாமியாருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். ஊருக்கு அவர் மலர்ச்சாலை. சவப்பெட்டிக் கடைக்கு எங்கள் நாட்டில் இட்டிருக்கும் அழகான பெயர் அது. கடைப்பெயரே கடைக்காரருக்கும் ஒட்டிக்கொண்டது.

அவர் பார்வை நம் உச்சந்தலையில் தொடங்கி, தோளில் சற்றுத் தங்கி, செருப்பு நுனியில் முடியும். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, தொழில் பழக்கம். ஆனால் பார்க்கப்பட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "என்ன தம்பி, மெலிஞ்சிட்டீங்க?" என்று அவர் அன்போடு விசாரித்ததற்காக ஒரு வங்கி எழுதுவினைஞர் நேரே போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கப் போனார் என்றால், பெண்ணின் தாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்து, "நீங்க சாப்பிட வாங்கண்ணே, சாப்பாடு ஆறுது" என்று கையோடு இழுத்துப் போவார். அலுவிகாரை பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து ஆசனம் எப்போதும் காலி. "நம்ம ஊரு சனத்துக்கு மரியாத தெரியும் சேர்," என்பார் என்னிடம் பெருமையாக.

நான் சரித்திர வாத்தியார். எங்கள் வாப்பா அலுவிகாரைக்குப் போகும் வழியில் மரக்காலை வைத்திருந்தார். பெட்டிக்கு வேண்டிய பலகையை மலர்ச்சாலை அங்கேதான் எடுப்பார். இருவரும் சந்தித்தால் வாய் ஓயாது.

"உங்க ஆக்களால எனக்கு ஒரு யாவாரமும் இல்ல ஹாஜியார்," என்பார் மலர்ச்சாலை. முஸ்லிம்களுக்குப் பெட்டி கிடையாது. கபன் துணி சுற்றி மண்ணில் வைத்து, மேலே பலகை சாத்தி மூடுவதுதான் எங்கள் வழக்கம்.

"நான் குடுக்குற பலகையில ஊரே போகுது. நான் மட்டும் பெட்டியில போக மாட்டேன். அதுல ஒனக்கு வயித்தெரிச்சல்," என்பார் வாப்பா.

இப்படி ஒரு பேச்சுக்கு நடுவில்தான் ஒருநாள் மலர்ச்சாலை என் பக்கம் திரும்பினார்.

"சேர், நான் பொட்காஸ்ட் ஒண்ணு தொடங்கப்போறேன். நாட்டு நடப்பு, சமுதாயம், அப்புறம் ஒரு சரித்திரத் தொடர்கதை. நீங்க கூட உக்காந்து பேசணும்."

"ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்களே அண்ணே. நான் எதுக்கு?"

"மத்தவங்க மூஞ்சியப் பாத்துப் பேசத் தொடங்கினா எனக்கு அளவுதான் ஞாபகம் வருது. நீங்க மட்டுந்தான் சேர் எங்கிட்ட வரமாட்டீங்க. உங்களப் பாத்தாத்தான் மனுசனப் பாக்குற மாதிரி இருக்கு."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரியது இல்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

ஸ்டூடியோ கடையின் பின்னறை. மாத்தளையிலேயே அவ்வளவு அமைதியான அறை கிடையாது. நான்கு சுவரிலும் பெட்டி மூடிகளை உள்பக்கம் தெரியும்படி சாய்த்திருந்தார். பஞ்சும் பளபளக்கும் வெள்ளைத் துணியும் எதிரொலியை மிச்சம் விடாமல் குடித்துவிடும். சாவு வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியில்தான் மைக் கட்டியிருக்கும். பாதிப் பேச்சில் சாவு வீட்டுக்காரர் யாராவது வந்துவிட்டால் மைக்கை அவிழ்த்து என் கையில் தந்துவிட்டு, தாங்கியை அவர்களிடம் கொடுத்தனுப்புவார். மிச்சப் பேச்சை நான் மைக்கைப் பிடித்துக்கொண்டே முடிப்பேன். நிகழ்ச்சியின் பெயர் ‘உயிரோடு இருக்கையில்’. வேறு என்ன பெயர்தான் வைப்பார் அவர், நீங்களே சொல்லுங்கள்.

அந்த அறைக்குள் யாராலும் நெடுநேரம் பொய் சொல்ல முடியாது. இது நான் கண்ணால் கண்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வராத விஷயத்தைப் பேச, ஊர் வாயில் மந்திரி ஆகிவிட்ட ஒரு பிரதேச சபை உறுப்பினரை அழைத்திருந்தோம். வந்தவர் முன்னைய சபை, நிதி, அதிகாரிகள் என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பின்னறைக்கு ஜன்னல் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி மட்டும் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க மந்திரி. கைய மட்டும் நீட்டாதீங்க. இடது பக்கம் நிமித்தி வச்சிருக்கிறது ஆறடி. தட்டுப்பட்டா உங்க மேலதான் சாயும்," என்றார் மலர்ச்சாலை, மிகுந்த அக்கறையோடு.

இருட்டில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு குரல்: "தண்ணி லைன் நான் போட்டுத் தாறேன்... கதவத் தொறங்க ஐயா!"

ஒரு சொல் வெட்டாமல் அப்படியே வெளியிட்டோம். தண்ணீரும் வந்தது. அதன் பிறகு அந்த மனிதர் கடைத் தெருவில் எங்களைக் கண்டால் எதிர்ப் பக்கத்துக்கு மாறிவிடுவார்.

ஆனால் மலர்ச்சாலைக்கு உயிர் தொடர்கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த தோட்டத்துச் சனங்களின் கதை. அவருடைய முப்பாட்டனும் அப்படி நடந்து வந்தவர்தான். குரலைப் பெரிதாக்கிக்கொண்டு தொடங்குவார்: "நடுக்காடு. நெருப்பு அணைஞ்சு போச்சு. பொதருக்குப் பின்னால ரெண்டு கண்ணு மினுங்குது. அப்போ... ஹலோ, மலர்ச்சாலை. எத்தன அடி? அஞ்சரையா? சரி, பொறப்படுறேன்." போனை வைத்துவிட்டு, விட்ட இடத்தில் பிடிப்பார்: "சிறுத்த, சேர்!" நேயர்கள் சிறுத்தைக்கு நடுங்கினார்களா, அஞ்சரை அடிக்கு நடுங்கினார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் சண்டையும் அந்தக் கதையில்தான். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். சரித்திரம் அவ்வளவுதான், இரக்கமில்லாதது. மலர்ச்சாலையின் கதையிலோ, விழுந்த ஒவ்வொருவரோடும் யாராவது ஒருவர் பின்தங்கி நின்றுவிடுவார். சாகிறவர் சாகத்தான் செய்வார், அதை அவர் மறைக்கமாட்டார். தனியாகச் சாக மட்டும் விடமாட்டார்.

"அண்ணே, இது பொய்," என்று மைக்கிலேயே சொன்னேன். "கூட யாரும் நிக்கல. கூட்டிட்டு வந்த கங்காணி நிக்க விட்டிருக்க மாட்டான். நீங்க சொல்றதுக்கு ஆதாரம் எங்க?"

"நிக்கலன்னு சொல்ல உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"எழுதி வச்சிருக்காங்க."

"எழுதினவன் குதிரையில போனவன் சேர். அவன் எங்க எறங்கித் திரும்பிப் பாத்தான்?"

வாராவாரம் இதே சண்டை. நான் ஆதாரம் என்பேன், அவர் தலையில் அடித்துக்கொள்வார். நேயர்கள் எனக்கு ‘ஆதார சேர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் அதையே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நிகழ்ச்சியின் முடிவில் மரண அறிவித்தல் உண்டு. வானொலியில் அறிவிக்க வசதியில்லாத வீடுகளின் சாவுகளை அவரே வாசிப்பார். முஸ்லிம்கள் மௌத்தானாலும் விடமாட்டார். இறைவனுக்கே உரியவர்கள் நாம், அவனிடமே திரும்புவோம் என்ற அரபு வாசகம், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று திருத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்வார்.

"யாவாரமில்லாத சாவுக்கு இவ்வளவு அக்கறையா அண்ணே?" என்று சீண்டினேன்.

"சாவு சாவுதானே சேர்," என்றார்.

பிறகு கொரோனா வந்தது.

அந்த நோயில் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று உத்தரவு இருந்த காலத்தில் எங்கள் வாப்பா மௌத்தானார். ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவர் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுக் கேட்டில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். வீட்டில் ஒருவரும் வாசலைத் தாண்டக்கூடாது. பெட்டி ஒன்று வேண்டும் என்று போனில் சொன்னார்கள். குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை, தொழுகை இல்லை, மண்கூட இல்லை. நெருப்பு. எங்களுக்கு அதைவிடக் கொடுமை இருக்க முடியாது. உம்மா அழவில்லை. சோறு தண்ணீர் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியில கூட யாரு இருப்பாங்க, மகன்? தனியாவா போவாரு?"



மலர்ச்சாலைக்குப் போன் எடுத்தேன். "அண்ணே, வாப்பாவுக்கு ஒரு பெட்டி," என்றேன். "சரி சேர்," என்று போனை வைத்துவிட்டார். எத்தனை அடி என்று அவர் கேட்காத ஒரே தடவை அது.

மறுநாள் பின்னேரம் வந்தார். முகக்கவசம் போட்டுக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் நின்றார். நான் வராந்தாவில் நின்றேன், உம்மா ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தார்.

"சேர்! பொலிஷ் அடிக்கல. துணி, பஞ்சு ஒண்ணும் வைக்கல. வெறும் பலக. உங்க கப்றுக் குழியில சாத்துற மாதிரியே விட்டுட்டேன். ஹாஜியார்கிட்ட எடுத்த பலகதான்."

மரக்காலையில் இருவரும் அடித்த பகிடி எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

"பெட்டியக் குடுத்திட்டுப் போகச் சொன்னாங்க. நான் போகல. வண்டிக்குப் பின்னாலயே மோட்டர் சைக்கிள்ல போனேன். தகனசாலையில சுவரோரமா நின்னேன். கடைசி வரைக்கும் நின்னேன் சேர். பெரியவர் தனியா போகல."

திரை அசைந்தது. "தலைய மூடிக்கிட்டா நின்னீங்க?" என்று கேட்டார் உம்மா.

"கைக்குட்டையப் போட்டுக்கிட்டேன் உம்மா. செருப்பயும் கழட்டிட்டேன்."

"யாராச்சும் எதையாச்சும் ஓதினாங்களா?"

"நான்தான் சொன்னேன். உங்க பள்ளியில சொல்றது. எனக்கு அது மட்டுந்தான் தெரியும்." தெருவில் நின்றபடியே அதை இன்னொரு தடவை சொன்னார். மைக் இல்லை, பஞ்சு வைத்த சுவர் இல்லை. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

உம்மா அப்போதுதான் அழுதார். அழுது முடித்து ஒரு பிடி சோறும் சாப்பிட்டார்.

அந்த நாட்களில் தகனசாலை வளவுக்குள் காக்கா குருவியைக்கூட விடமாட்டார்கள். காவல் இருந்தது. பெட்டிக் கடைக்காரர் சுவரோரம் எப்படி நின்றார்? எந்த வழியால் உள்ளே போனார்? யார் விட்டது? கேள்விகள் எல்லாம் என் தொண்டைவரை வந்தன. ஒன்றையும் நான் கேட்கவில்லை. நாங்கள் மறுபடி பின்னறையில் முகத்துக்கு முகம் உட்கார்ந்தபோதும் கேட்கவில்லை. அவரும் அதைப்பற்றி மைக்கில் மூச்சு விட்டதில்லை. கதையில் வழக்கம்போல ஒருவர் காய்ச்சலில் விழுந்தார், வழக்கம்போல இன்னொருவர் பக்கத்தில் தங்கினார்.

"என்ன சேர், ஆதாரம் கேக்கலியா?" என்றார்.

"வேணாம் அண்ணே. நீங்க சொல்லுங்க."

ஆதார சேருக்கு உடம்பு சுகமில்லையா என்று நேயர்கள் விசாரித்து எழுதினார்கள்.

போன வருடம் ஒரு காலை, கடையைத் திறக்கும்போது மலர்ச்சாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஊருக்கே அளவு எடுத்த மனிதரை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. அவர் மனைவி என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், "எந்தப் பெட்டின்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சேர். நீங்க சொன்னா அவரு மறுக்கமாட்டாரு," என்றார். அங்கே கிடத்தியிருந்த மலர்ச்சாலையை நான் உச்சந்தலையில் தொடங்கி, தோளில் சற்றுத் தங்கி, கால்வரை பார்த்தேன். கண்ணை நீர் மறைத்ததில் அளவு பிழையாகிப்போனது. பெட்டி ஒரு சாண் கூடிவிட்டது, அவர் உள்ளே தாராளமாகப் படுத்திருந்தார். கல்யாண வீடுகளில் அவரை விரட்டிய அத்தனை பேரும் வந்தார்கள். சபை உறுப்பினர்கூட வந்து, பின்னறைப் பக்கம் பார்க்காமல் வாசலோடு நின்றுவிட்டுப் போனார்.

தொடர்கதை பாதியில் நின்றது. அவர் கடைசியாகச் சொன்ன பகுதியில், கருப்பாயி என்ற பெண் காய்ச்சலோடு, மாத்தளைக்கு வரும் வழியிலுள்ள நாலந்தாவில் ஒரு மரத்தடியில் விழுந்து கிடந்தாள். கூட்டம் அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கருப்பாயிக்கு என்ன ஆனது என்று கேட்டு நேயர்கள் ஓயவில்லை.

கதை சொல்ல எனக்கு வராது. ஆனாலும் பின்னறையில் உட்கார்ந்து, தாங்கியில் மைக்கைக் கட்டி, முடிவை நானே சொன்னேன். கருப்பாயி பிழைக்கவில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் பின்தங்கினார். ஆட்களைத் தலையிலிருந்து கால்வரை அளப்பதுபோலப் பார்க்கிற ஒரு ஆள். கங்காணி அதட்டியும் போகவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் அவள் பக்கத்தில் நின்றார். அதன் பிறகு மரண அறிவித்தலில், அவர் மனைவியிடம் கேட்டு வைத்திருந்த மலர்ச்சாலையின் ஞானஸ்நானப் பெயரை வாசித்தேன். ஊரில் பாதிப் பேருக்கு அது யார் என்று விளங்கவே இல்லை.

நிகழ்ச்சிக்குக் கீழே முதலில் வந்த கமென்ட் இது: "ஆதார சேர், இப்படி ஒருத்தர் கூட நின்னதுக்கு ஆதாரம் எங்க?"

நான் பதில் எழுதினேன்: "இருக்கு. அவரோடதான் நான் இத்தனை வருசமா பேசிக்கிட்டிருந்தேன்."