தாரா சுடும் அனுமதி

பனி கொட்டும் வெளிநாட்டு நகரொன்றின் டோர்செட் பார்க்கில் மளிகைக்கடை வைத்திருந்த இராஜரட்ணம் சட்டத்துக்கு அடங்கிய ஓர் அகதி. 1994ஆம் ஆண்டு மாரியில் அவருடைய கடைக்குள் கத்தியோடு ஒரு கள்ளன் புகுந்தான். இராஜரட்ணம் ஆட்டிறைச்சி வெட்டும் கத்தியைத் தூக்கிக்கொண்டு அவனை வீதிவரை துரத்தினார். பொலிஸ்காரர் வந்து, கள்ளனைப் பற்றி இரண்டு கேள்வியும் இறைச்சிக் கத்தியைப் பற்றி இருபது கேள்வியும் கேட்டார்.

"அவன்மேல் பட்டிருந்தால் உம்மைத்தான் பிடித்திருப்பேன். வழக்கு வந்தால் உமது அகதிக் கோரிக்கை என்ன ஆகும்?"

இராஜரட்ணத்தின் மனைவி சந்திரவதனாவும் இரண்டு பிள்ளைகளும் நாலு வருடமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தார்கள். கோரிக்கை சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

நேரே அருள்நாயகத்திடம் ஓடினார். அருள்நாயகம் அகதிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். ஒருவருக்கு வென்ற கதையைப் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு எழுதிவிடுவார்.

"கத்திக்கு அனுமதிக் கடதாசி இல்லை அண்ணை, அதுதான் பிழை. கடதாசியோட ஒரு துவக்கு எடுங்கோ. ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது."

துப்பாக்கி அனுமதிக்கான துவக்குப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில், வழக்கமாக வெல்லும் வசனத்தையே எழுதினார்: 'ஆயுததாரிகளால் என் உயிருக்கு ஆபத்து.'

மூன்றாம் வாரம் பதில் வந்தது. உயிருக்குப் பயந்தவர் உண்மையாகவே சுட்டுவிடக்கூடுமாம். ஆகையால் பயமுள்ளவர்களுக்குத் துவக்கு வழங்குவதற்கில்லை என்று அலுவலகம் ஆழ்ந்த மனவருத்தத்துடன் அறிவித்திருந்தது.

"அப்ப ஆருக்குத்தான் குடுப்பாங்கள்?"

"பயமில்லாத ஆளுக்கு. எவராலும் எனக்கு ஆபத்து இல்லை, குளத்தில தாரா சுடப் போறன் எண்டு எழுதுவம்."

"நான் தாரா சாப்பிடுறேல்லையே!"

"சாப்பிடச் சொல்லேல்லை அண்ணை, சுடத்தான்."

வாத்து வேட்டைக்காரருக்கான தாரா அனுமதி உடனே வந்தது. கூடவே விதிகளும் வந்தன. துவக்கு ஒரு பூட்டிய பெட்டியில், குண்டு இன்னொரு பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். இரண்டையும் திறந்து முடிக்க ஆறு நிமிடமாவது பிடிக்கும், கள்ளன் பொறுமைசாலியாக இருக்கவேண்டுமே என்று இராஜரட்ணம் துவக்கே வாங்கவில்லை.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வீட்டிலுள்ள கடதாசி முழுவதையும் அள்ளிக்கொண்டு போவது நம்மவர் வழக்கம். அகதி விசாரணைக்கும் அவர் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, தாரா அனுமதி எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் பரப்பினார்.

விசாரணையாளர் தாரா அனுமதியோடு இருந்த விண்ணப்பத்தை எடுத்து வாசித்தார். "'எவராலும் எனக்கு ஆபத்து இல்லை.' உமது கையெழுத்துத்தானே? ஆபத்து இல்லாதவர் எப்படி அகதியாவார்?"

இராஜரட்ணம் அழுதேவிட்டார்.

"ஐயா, உந்த அனுமதியை நீங்களே வைச்சிருங்கோ! எனக்குப் பயம் ஐயா. மனுசி பிள்ளையளைக் காணாமலே செத்துப்போவனோ எண்டு பயம்."

விசாரணையாளர் அனுமதியைத் தம் கோப்பில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினார்: 'விண்ணப்பதாரர் துவக்கு அனுமதியைத் தாமாகவே ஒப்படைத்துவிட்டபடியால், தற்போது போதிய அளவு ஆபத்தில் உள்ளார். கோரிக்கை ஏற்கப்படுகிறது.'

அன்றைக்கே கொழும்புக்கு ரெலிபோன் பறந்தது. அன்றைக்கே அருள்நாயகமும் தீர்ப்பைப் பிரதி எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கள் காலை துவக்கு அலுவலக வாசலில் எழுபது தமிழர் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் தாரா சுடப்போகிறார்களாம். முதல் ஆள் அருள்நாயகம். அவருடைய சொந்தக் கோரிக்கை ஆறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"உங்களில் யாருக்காவது சுடத் தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியாது ஐயா. திருப்பிக் குடுக்கத்தான் எடுக்கிறம்," என்றார் அருள்நாயகம்.

அலுவலகம் மேலிடத்தோடு கலந்தாலோசித்தது. மத்தியானத்துக்குள் இரண்டாவது யன்னல் ஒன்றைத் திறந்து, இங்கே கொடுத்த அனுமதியை அங்கே திருப்பி வாங்கத் தொடங்கினார்கள்.