ஹாரன் அடித்த கேள்விகள்

சமூகவியல் படிக்காமலே சமூகவியலாளர்களை நடுங்கவைத்த ஒரே மனிதர், தொண்ணூறுகளில் திருப்பதியில் எங்கள் ஆய்வுக்குழுவுக்கு வாடகை ஜீப் ஓட்டிய 'ஹாரன்'தான். நாங்கள் வாசலில் உட்கார்ந்து யாரையாவது பேட்டி எடுப்போம். கேள்வி கோணலாகப் போனால் ஜீப்பிலிருந்து 'பாம்' என்று சத்தம் வரும். தெருநாய்கள் சிதறி ஓடும். எங்கள் பேராசிரியர் ஒருமுறை வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"கஷ்டம் தாங்காமத்தானே ஊரை விட்டுப் போனாங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். பாம்!

"என்னய்யா உனக்கு?" என்று கத்தினேன்.

"அது கேள்வி இல்ல சார், ஜவாபு. நீங்களே சொல்லிட்டா அவங்க இன்னாத்த சொல்லுவாங்க?"

எனக்கு எரிச்சல். தாராளமயத்தால் நொடிந்து நெசவாளர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்ற கோட்பாட்டை, ஊருக்குள் கால்வைக்கும் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அதற்கேற்ற ஆட்கள்தான் பாக்கி.

நகரியில் விசைத்தறி ஓட்டும் முனியம்மா கிடைத்தார். கணவர் பெங்களூரில். முனியம்மா சொன்னதில் பாதியை விட்டுவிட்டேன். கண்ணைத் துடைத்ததை மட்டும் விடவில்லை. 'வறுமையைச் சொல்லும்போதே கண் கலங்கினார்' என்று எழுதி, திரும்பும் வழியில் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

ஹாரன் புத்தூர் தாண்டியதும் வண்டியைத் திருப்பினார்.

"எங்கய்யா போற?"

"அந்தம்மா வூட்டுக்கு. இதையே அங்க படிங்க சார்."

படித்தேன். முனியம்மா இடுப்பில் கைவைத்தார்.

"யாரு சார் அழுதது? பஞ்சுத்தூசி கண்ணுல பூந்துச்சு. அவரு டவுன் பாக்கணும்னு போய்கீறாரு. நான்தான் பஸ் ஏத்தி உட்டேன். நாலு தறியும் நான்தான் ஓட்டிக்கினு கீறேன். அதச் சொன்னனே, எழுதலியா? நாளைக்கு எம் பொண்ணு இதப் படிச்சா, எங்கம்மா அழுதுக்கினே கெடந்தான்னு நெனைக்காதா?"

எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தை அவர் எதிரிலேயே அடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, முதல்முறையாகக் கேட்டு எழுதினேன்.

ஜீப்பில் ஏறியபோது பையில் இன்னும் நாற்பது பேட்டித்தாள்கள் இருந்தன. அவற்றில் எத்தனை கண்ணீர் தூசியோ! தலை நிமிர முடியவில்லை.

"காலையில எத்தினி மணிக்கு வரட்டும் சார்? ஒண்ணொண்ணா எல்லா வூட்டுக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றார் ஹாரன்.

போனோம். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு முன்னால் இறங்கி அவரே சொன்னார்: "சாரு மேல தப்பில்லம்மா. காயிதம் மழையில நனஞ்சிபோச்சு. இன்னொருவாட்டி சொல்லுங்க."

அந்த வருடம் அந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை.