ரெண்டு கார்பரேட்டரும் ஒரு பாக்கியமேரியும்

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இனிமேல் எங்கள் சாமியாரின் காரை என்னைத் தவிர வேறு எவனும் தொடக் கூடாது.

தீர்மானத்துக்குக் காரணம் தபாலில் வந்த ஒரு கடிதம்.

எங்கள் சாமியார் ஃபாதர் பெர்த்தொல்டி, இத்தாலிக்காரர். உத்திரமேரூர் வாயில் அந்தப் பேர் நுழையவில்லை. மார்பு வரை தாடி வேறு தொங்கியதால் பெருந்தாடி சாமியார் ஆகிவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தபோது கூடவே தன் பழைய காரையும் ஏற்றிக்கொண்டு வந்தவர். அதற்கு டிரைவர் நான், ஞானதாஸ். எங்கள் பரம்பரையில் ஏர் பிடிக்காமல் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள். பிடித்த ஏரும் அடுத்தவர் ஏர்தான் என்பதால் இந்த ஸ்டியரிங் மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

ஆறு மாச லீவில் சொந்த ஊர் போயிருந்த சாமியார் தமிழிலேயே எழுதியிருந்தார். 'அன்புள்ள ஞானதாஸ், வண்டி நலமா? நீ நலமா? சனிக்கிழமை காலை வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டு வா. வண்டி ஓடாவிட்டால் அதை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கச் சொல்கிறார் பிஷப் மேற்றிராணியார்.'

மோட்டார் சைக்கிளுக்கு டிரைவர் எதற்கு? கடிதத்தை மடித்துக்கொண்டு நேரே ஷெட்டுக்கு ஓடினேன். ஏனென்றால் வண்டி நலமாக இல்லை. ஆறு மாசமாக ஷெட்டில் நின்று, பெட்ரோல் கோந்தாகிக் கிடந்தது. கோளாறு கார்பரேட்டரில் என்று எனக்குத் தெரியும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டும் சாமான் அது. மற்ற கார்களுக்கு ஒன்று. இந்த இத்தாலிக்காரிக்கு மட்டும் ரெண்டு.

சாமியாரின் சமையலறை ஷெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சமைப்பவள் என் மனைவி பாக்கியமேரி. போய்ச் சொன்னேன்.

"மேரி, கார்பரேட்டரைப் பிரிக்கப் போறேன்."

"இன்னாது? காபரா ஆவப் போறியா?"

"கார்பரேட்டர்மே!"

"ரெண்டும் ஒண்ணுதான். நீ பிரிச்சா எல்லாருக்கும் காபராதான். காஞ்சிவரத்துல ராஜாராம் மெக்கானிக் கீறாரு இல்ல, அவர இட்டுக்கினு வா."

"அவன் இன்னா பெரிய கொம்பனா? போன வருசம் அவன் பிரிக்கச் சொல்லோ பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

"நான்கூடத்தான் சாமி பூசை வெக்கறத தெனம் பாத்துக்கினு கீறேன். நாளைக்கு அங்கிய மாட்டிக்கினு நிக்கட்டா?"

இதற்குப் பதில் சொல்வது என் கௌரவத்துக்குக் குறைச்சல். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிரித்தேன். பிரிப்பது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நாலு வருஷத்துக்கு முன்பே பிரித்திருப்பேன். சின்னச் சின்னச் சாமான்களாக உதிர்ந்தன. வைக்கத் தட்டு வேண்டியிருந்தது. இட்லித் தட்டை எடுத்து வந்தேன். குழிக்கு ஒன்றாக வைத்துக் கிருஷ்ணாயில் ஊற்றினேன். வலது கார்பரேட்டர் சாமான் வலது கைப் பக்கம், இடது கார்பரேட்டர் சாமான் இடது கைப் பக்கம். எனக்கும் ஒரு ஒழுங்கு உண்டு.

அப்போது மாட்டுவண்டி ஓட்டும் வேதகிரி வந்து எதிரே உட்கார்ந்தான். பேச்சு சுவாரசியத்தில் நானும் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் வலது, இடதாகிவிட்டது. எந்தச் சாமான் எந்தப் பக்கத்தது என்று வேதகிரியைக் கேட்டேன்.

"எனக்கு வலத்து மாடு, எடத்து மாடுதான் தெரியும் மாமா," என்றான்.

புதன்கிழமை மாட்டத் தொடங்கினேன். ரெண்டு பாகம் சேரும் இடத்தில் பெட்ரோல் கசியாமல் இருக்க நடுவில் ஒரு பேக்கிங் கொடுக்க வேண்டும். பழைய பேக்கிங் கையோடு பொடியாய் வந்துவிட்டது. கெட்டி அட்டை தேவை. ஊரெல்லாம் தேடினேன். கடைசியில் எங்கள் வீட்டுச் சுவரிலேயே கிடைத்தது. எங்கள் கல்யாணப் போட்டோ. அசல் அட்டை, கெட்டி என்றால் அப்படிக் கெட்டி.

அரை மணி நேரத்தில் பாக்கியமேரி போட்டோவோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"இன்னாய்யா இது? என் பக்கத்துல கோட்டு கீது, செண்டு கீது, ஆளக் காணோம்?"

"உன் மேல கத்தரியே படல பாரு மேரி. என் மூஞ்சிய மட்டும்தான் வெட்டுனேன்."

அவள் போட்டோவை ஒரு தரம் பார்த்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"பரவால்ல. முன்னைக்கு இப்ப நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரில் மாட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. என் கணக்குப்படி முடிந்தது. இட்லித் தட்டில் மட்டும் நாலு சாமான் மிச்சமிருந்தது. இத்தாலிக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள், உபரியாக வைத்திருப்பார்கள் என்று எண்ணி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். முதல் சுற்றில் இருமல். இரண்டாவது சுற்றில் ஏப்பம். மூன்றாவது சுற்றில் பின்னாலிருந்து கறுப்புப் புகை ஒரு பந்தாகப் புறப்பட்டுப் போய், சாமியார் வரவுக்காகத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்த அங்கியின் மேல் உட்கார்ந்தது. வலது கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டச் சொட்ட வழிந்தது. அப்புறம் எத்தனை சுற்றினாலும் சத்தமே இல்லை.

"என் மாடு ரெண்டும் சொம்மாதான் கீது மாமா," என்றான் வேதகிரி. "சனிக்கெழம வோணும்னா கார் முன்னால பூட்டிக்கலாம்."

அவனைத் துரத்திவிட்டுத் திரும்பினால் சமையலறை வாசலில் பாக்கியமேரி.

"ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"எங்க ஓடுச்சு?"

"இங்கதான். நின்ன எடத்துலயே ஓடுச்சு. இஞ்சின் ஓடும், வண்டி நிக்கும். அப்படித்தான் சோதிக்கணும்."

"அப்ப சாமியவும் நின்ன எடத்துலயே இட்டுக்கினு வந்துருவியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நாலு நாள் பீற்றிய வாய் அதற்குத் திறக்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி நாற்று வயலில் இறங்கிக் கூலிக்கு நிற்பது போலவும், அந்தப் பக்கமாகச் சாமியார் மோட்டார் சைக்கிளில் போய்க் கையாட்டுவது போலவும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ராஜாராமைக் கூட்டி வருவதைத் தவிர வழியில்லை. ஆனால் அவள் கண்ணில் படாமல் எப்படிக் கூட்டி வருவது?

அந்த நேரம் பார்த்து அவளே பெருமூச்சு விட்டாள்.

"மானாம்பதியில எங்கம்மாவுக்கு முட்டி வலியாம். எட்டிப் பாக்கலாம்னா, சாமி வர்ற நேரம்... எப்படிப் போறது?"

பழம் நழுவிப் பாலில் விழுந்து, அதுவும் நழுவி என் வாயில் விழுந்தது.

"போய்ட்டு வாமே! பெத்தவளவிடவா சாமி? நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கே போ. சாயங்காலம் வந்தா போதும். முட்டிய நல்லாத் தேச்சு வுடு."

"நீ நாஷ்டாவுக்கு இன்னா பண்ணுவ?"

"நான் எதுனா பாத்துக்கறேன்மே. முட்டிதான் முக்கியம்."

இவ்வளவு லேசாக ஏமாறுகிறாளே என்று எனக்கே அவள் மேல் இரக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவளை மானாம்பதி பஸ்ஸில் ஏற்றினேன். பஸ் திருப்பத்தில் மறையும் வரை கையாட்டினேன். மறைந்ததும் ஓடிப்போய்க் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

ராஜாராம் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நீயா பிரிச்ச?" என்று லாரிக்கு அடியிலிருந்து கேட்டான்.

"ஆமா."

"ரெண்டையுமா?"

"ஆமா."

"ஒரே நேரத்துலயா?"

கொஞ்ச நேரம் லாரி மட்டும் குலுங்கியது. அவன் சிரித்து முடித்து வெளியே வர மத்தியானமாகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். உத்திரமேரூரில் இறங்கும்போது மணி மூன்றரை.

ராஜாராம் பையை இறக்கி வைத்தான். வண்டியைச் சுற்றி வந்தான். எதற்கும் பார்ப்போம் என்று ஹாண்டிலை ஒரே ஒரு சுற்று சுற்றினான்.

வண்டி கிளம்பிவிட்டது.

இருமல் இல்லை, ஏப்பம் இல்லை. தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது. பின்னால் புகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ராஜாராம் இஞ்சினை நிறுத்தி வலது கார்பரேட்டரின் மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து கோலிக்குண்டைவிடப் பெரிதான ஒரு பித்தளை டப்பாவை வெளியே எடுத்தான். பெட்ரோலில் மிதந்து அதன் அளவைக் கட்டுப்படுத்தும் ப்ளோட் அது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல ஊசி மொனை ஓட்டை இருந்திருக்கு. உள்ள பெட்ரோல் பூந்து, மிதக்க வேண்டியது முழுகிப் போயிருக்கும். யாரோ கண்டுபிடிச்சி ஒரே ஒரு சொட்டு ஈயம் வெச்சிருக்கான். இன்னொரு சொட்டு வெச்சிருந்தா கனம் ஏறி வேலைக்கு ஆவாது. யாருய்யா அந்த ஆளு? எங்கிட்ட அனுப்பு, வேலை போட்டுக் குடுக்கறேன்."

"நான்தான்," என்று என் வாய் சொல்லிவிட்டது.

"நீதான்னா என்னை எதுக்கு இட்டுக்கினு வந்த?"

"சொம்மா... ஒரு டீ சாப்ட்டுப் போவியேன்னு," என்றேன்.

அவன் டீ சாப்பிட்டான். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். அவன் போனதும் வேதகிரி வந்தான்.

"இன்னா மாமா, அக்கா ஊருக்குப் போல? காலையில ஏரிக்கரையாண்டயே பஸ்ஸ நிறுத்தி எறங்கிட்டாங்க. அப்பால பஜார்ல, ஈயம் பூசற இனாயத்துல்லா பாய் கடையில ஏதோ பித்தளை சாமான வெச்சிக்கினு நின்னுக்கினு இருந்தாங்க."

சமையலறைக்குள் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. உள்ளே போனேன். பாக்கியமேரி கரண்டியும் கையுமாக நின்றாள்.

"உங்கம்மாவுக்கு முட்டி எப்படிக் கீது?"

"அதுக்கு இன்னா? நல்லாத்தான் கீது. நீ வூட்ல இருந்தா என்னை வண்டியத் தொட வுடுவியா? அதான் ஒருநாளு அவங்க முட்டிய வலிக்க வெச்சேன்."

"நான் காஞ்சிவரம் போவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் சட்டைய தோய்க்க எடுத்தேன். பாக்கெட்ல நாலு சாமான். இத்தன சாமான வெளிய வெச்சிக்கினு நீ வேற எங்க போவ?"

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாமியாரின் பம்பு ஸ்டவ்வில் நிப்பிள் அடைத்தால் ஊசியால் குத்திச் சரிசெய்கிறவள் அவள்தான். கார்பரேட்டரிலும் அதே மாதிரி ஓட்டைகள்தான் என்று பார்த்ததும் புரிந்துவிட்டதாம். ஒவ்வொரு சாமானிலும் நம்பர் இருந்ததாம். பெரிய ஓட்டை ரெண்டையும் ஒன்றிலும், சின்ன ஓட்டை ரெண்டையும் இன்னொன்றிலும் நான் போட்டு வைத்திருந்தேனாம். அதை மாற்றிப் போட்டு, மிச்சமிருந்த நாலு சாமானையும் அதனதன் இடத்தில் மாட்டினாளாம்.

"அந்த டப்பாவ ஆட்டிப் பாத்தேன், உள்ள சலக் சலக்னுச்சி. மூடிக் கெடக்கற டப்பாவுக்குள்ள பெட்ரோல் எப்படி போச்சுன்னு, அடுப்ப அணைச்சிட்டு சுடுதண்ணியில முக்கினேன். ஒரு எடத்துலருந்து மட்டும் காத்து முட்டை முட்டையா வந்துச்சி. தண்ணிய மாத்தி மாத்தி உள்ள இருந்ததெல்லாம் போக்கிட்டு, பாய்கிட்ட குடுத்தேன். 'பொட்டு வெக்கற மாதிரி வையி பாய்'னேன்."

என் முகம் எப்படிப் போயிருந்ததோ, சட்டென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தோ பாரு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீ வண்டிய எடுத்துக்கினு ராஜா மாதிரி போ. மொதல்ல சாப்புடு. நேத்துலருந்து ஒண்ணும் துன்னல நீ."

சனிக்கிழமை ராஜா மாதிரிதான் போனேன். வாலாஜாபாத்திலிருந்து வரும் வழியெல்லாம் சாமியார் தாடி காற்றில் பறக்க, காதைத் தீட்டிக்கொண்டு இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். மிஷன் வாசலில் இறங்கியதும் பானெட்டைத் திறந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"மோட்டார் சைக்கிள் வேண்டாம். யார் செய்தது இந்த வேலை?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிஜமாகவே வாயைத் திறந்தேன். அதற்குள் பாக்கியமேரி முந்திக்கொண்டாள்.

"அவருதான் சாமி. ஒத்த ஆளா பண்ணாரு. நாலு நாளா சோறு தண்ணி இல்ல."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்? நெஞ்சு நிறைந்துவிட்டது.

சாமியார் என் தோளைத் தட்டினார். "மிக நன்று ஞானதாஸ். தென்னேரிச் சாமியாரிடமும் இதே மாதிரிக் கார் இருக்கிறது. திங்கட்கிழமை போய் அவருடைய கார்பரேட்டர்களையும் பிரித்துச் சரிசெய்துவிட்டு வா. இனி இந்தப் பக்கத்து மிஷன் வண்டி எல்லாம் உன் பொறுப்பு."

நிறைந்த நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது. சமையலறைக்கு ஓடினேன்.

"மேரி, நாளைன்னிக்கு நீயும் கூட வாமே!"

"ஐய, எனக்கு இங்க வேலை கீது."

"உன் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"இட்லிக்கு மாவாட்றது?"

"நான் ஆட்டறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"நீ சொல்ற வரைக்கும்."

"சரி, வரேன்," என்றாள், ரொம்ப யோசித்தவள் போல.

போன மாசம் இங்கே பூசை வைக்க வந்த தென்னேரிச் சாமியார், தன் கார் ஓயாமல் இருமுவதாகப் புலம்பிக்கொண்டே அவள் கையால்தான் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்பது, ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை தென்னேரி போனோம். நான் அந்த ஊர்ச் சாமியாரைப் பேச்சில் பிடித்து நிறுத்திவைப்பது, அதற்குள் அவள் ஷெட்டில் வேலையை முடித்துவிடுவது என்று ஏற்பாடு. ஏரியில் தண்ணீர் எவ்வளவு, நெல் எப்படி, கோயில் மணியில் கீறல் உண்டா என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பேசிவிட்டேன். கால் மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. சாமியார் எழுந்து நேரே ஷெட்டுக்கு வந்துவிட்டார். பானெட்டுக்குள் பாக்கியமேரி இடுப்பு வரை போயிருந்தாள்.

"ஞானதாஸ், உன்னைத்தானே அனுப்புறதா சொன்னாங்க? நீ என்ன செய்யற?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவரு எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறாரு சாமி. யோவ், எட்டாம் நம்பர் குடு."

நீட்டிய கையில் அவசரமாக எடுத்து வைத்தேன்.

"இது பத்து," என்றாள்.