நான் கேட்டது கச்சேரி இல்லையாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், ஓயாமல் விசிலடிக்கும் இடது காதைத் தவிர. அங்கே நீயும் அத்தானும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். அத்தானின் குழாய்க் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தாய். அதில் வேறு யாரையும் உட்கார வைத்துவிடாதே. அநேகமாக அடுத்த வாரமே வந்துவிடுவேன். காரணத்தைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். அத்தான் காதில் விழாமல் சிரி.

ராக் இசைக்காரர்களைப் பற்றி எழுதிப் பிழைப்பது என்ன உத்தியோகம் என்று நீ கேட்காத நாளில்லை. அவர்களுடைய வண்டியில் கிட்டார் பெட்டிகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்து ஊர் ஊராகப் போவது, பேட்டி கொடுக்கும்போதே தூங்கிவிடுகிற பாடகரின் குறட்டையையும் குறிப்பெடுப்பது, ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நின்று காதைப் பறிகொடுப்பது, இதுதான் உத்தியோகம். ஆனால் விளக்கணைந்து முதல் தந்தி அதிரும்போது எனக்கு உடம்பே இல்லாமல் போய்விடும், அக்கா. அதை அத்தானிடம் எப்படிச் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை பேட்டிக்காக ஒரு குழுவின் தாடிக்கார கிட்டார் கலைஞர் மத்தியானமே அரங்கத்துக்கு வரச்சொல்லியிருந்தார். போனேன். அவர் வரவில்லை. காலி அரங்கம், அரையிருட்டு, முன்வரிசையில் மெத்தை நாற்காலி. மேடையில் முகம் தெரியாத ஒருவர் டிரம்மை ஒரே ஒரு அடி அடித்தார். வெகுநேரம் கழித்து மறுபடி அதே அடி. இன்னொருவர் ஒற்றைத் தந்தியை மீட்டினார், காதை வைத்துக் கேட்டார், திரும்ப மீட்டினார். மூன்றாமவர் மைக்கில், "ஒன்னு... ரெண்டு... ஒன்னு... ரெண்டு..." என்றார்; மூன்றுக்குப் போகவே இல்லை. இந்தக் குழு வருடத்துக்கு ஒரு தரம் பாணியை மாற்றும். போன வருடம் முதுகைக் காட்டிக்கொண்டே வாசித்தார்கள். அதற்கும் நான்தான் விளக்கம் எழுதினேன். ஆகவே பத்திரிகைக்காரனான எனக்கு மட்டும் புதுப் பாணியைத் தனியே வாசித்துக் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். சாதாரண ஆளுக்கு இந்தத் தப்பு வராது. எதற்கும் அர்த்தம் கண்டுபிடித்தே பழகியவனுக்குத்தான் வரும். அந்த ஒற்றை அடி கூரை வரை போய், பஞ்சு மாதிரி மெல்ல இறங்கி என் மேல் உட்கார்ந்தது. எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. அழுதேன் என்று நினைக்கிறேன். அப்படியே மிதந்தபடி வீட்டுக்கு வந்து, ஒரே மூச்சில் அரைப் பக்க விமர்சனம் எழுதி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் பத்திரிகை வந்ததும் ஆசிரியர் கூப்பிட்டார்.

"யோவ், கச்சேரி சாயங்காலம் ஏழு மணிக்குய்யா! மைக் செட்காரங்க மைக்கைச் சரிபார்த்ததுக்குப் போய் விமர்சனம் எழுதியிருக்கியே?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார்."

"என்ன நல்லா இருந்துச்சு?"

"மூணு சொல்லாம விட்டாரு பாருங்க, அந்த இடம்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "முதலாளிகிட்ட பேசிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நீ எதையும் கேக்காத, எழுதாத."

அதனால்தான் வாயையும் காதையும் மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலை போனால் எனக்கு வேறொன்றும் தெரியாதே. குழாய்களின் அளவுகளை இப்போதே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன் என்று அத்தானிடம் சொல். அவருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டில் எந்நாளும் நல்ல சத்தமே கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆசிரியரிடமிருந்து போன். அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலக் கச்சேரி படுமோசமாம். பாதியிலேயே கூட்டம் எழுந்து போய்விட்டதாம். பத்திரிகையைப் படித்தவர்களோ, நாங்கள் எழுதிய அந்தக் கச்சேரி மறுபடி எப்போது நடக்கும் என்று கேட்டபடி இருக்கிறார்களாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல்லாம். "வேலை இருக்குய்யா. ஆனா இனிமே கச்சேரிக்கு மட்டும் போ," என்றார். "சரி சார்," என்றேன். இன்று மத்தியானம் வேறொரு குழு மைக் சரிபார்க்கிறது; இதோ கிளம்பிவிட்டேன். அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வை, அக்கா. அத்தானிடம் நீயே சொல்லிவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.