தலைப்பொங்கலன்று அறுத்த பட்டம்

வாழ்க்கையில் ஒரேயொரு தடவை நான் வீரனாக இருந்திருக்கிறேன். அதுவும் அரை நிமிடம். அதற்காக மாமி வீட்டில் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமாகி நாற்பதாம் நாள், ஆஸ்பத்திரி இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பயிற்சிக்கென்று என்னை அகமதாபாத்துக்கு அனுப்பினார்கள். சுகந்தியை மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. (பயிற்சி வகுப்பில் மட்டும் நன்றாக வந்தது.) அவள் குரலைக் கேட்காத நாள் நாளாகவே இருக்கவில்லை. தைப்பொங்கலுக்கு முதல் நாள் போனில் சொன்னாள்: “நாளைக்குப் பானை பொங்குற நேரம் வீடியோவுல எடுக்கிறன். தலைப்பொங்கல், ரெண்டு பேருமாத்தான் பாக்கணும்.”

“ஓம், ஓம்” என்றேன்.

பொங்கலன்று அங்கே பட்டத் திருவிழா. விடிந்ததும் ஊரே மொட்டை மாடியில். வீட்டுக்காரர் ஹரிஷ் பாய் என் விரல்களில் பிளாஸ்டர் சுற்றி, கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலைத் தந்து, பட்டச் சண்டை பழக்கினார். அவர் இங்கிலீஷில் “விடு” என்றால் இழுத்தேன், “இழு” என்றால் விட்டேன். போன் தண்ணீர்த் தாங்கியின் மேல் இருந்தது. என் ஒரு கண் அதிலேயே இருந்தது.

அந்த லட்சணத்தில் தவறுதலாக ஒரு சிவப்புப் பட்டத்தை அறுத்துவிட்டேன். மாடியே “காப்யோ சே” என்று அலறியது. வெட்டியாச்சு என்று அர்த்தமாம். எங்கள் வாவிக்கரையிலோ நூல் அறுந்த பட்டத்தைக் கண்டெடுத்தால் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம். அறுத்தவனே நான் என்றால் சும்மா நிற்க முடியுமா? நூலை ஹரிஷ் பாய் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

மூன்று தெரு தாண்டி, வேப்பமரத்தில் ஏறி, வீடு விசாரித்து, நாலு மாடி ஏறி, பட்டத்தை இரண்டு கையாலும் நீட்டி மன்னிப்புக் கேட்டேன். தோற்றவர் வீடு தேடிப் போய்ப் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது செருப்பால் அடித்த மாதிரி என்று பிறகுதான் தெரிந்தது. மனிதர் முகம் பட்டத்தைவிடச் சிவந்தது. அவர் மனைவிதான் என் கிழிந்த சட்டையைப் பார்த்துப் பாவப்பட்டு, ஓர் எள்ளுருண்டை தந்து அனுப்பினார்.

மூச்சிரைக்கத் திரும்பினால், ஹரிஷ் பாய் என் போனைப் பிடித்துக்கொண்டு பரவசமாக நிற்கிறார். அழைப்பு வந்ததும் மரியாதைக்கு எடுத்திருக்கிறார். பானையில் பால் பொங்கி வழிந்ததும், என்ன சொல்வதென்று தெரியாமல் தனக்குத் தெரிந்ததைக் கத்தியிருக்கிறார்: “காப்யோ சே.”

மாமி கேட்டார்: “மருமகன், ஆர் இந்த மீசைக்காரர்? நீங்க எங்க போன?”

“பட்டம் குடுக்கப் போன நான் மாமி.”

சுகந்தி போனை வாங்கவேயில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் பால் பொங்கினால் மாமியிலிருந்து மச்சாள் வரை ஒரே குரலில் “காப்யோ சே”தான். மட்டக்களப்பிலேயே குஜராத்தியில் பொங்கல் பொங்கும் வீடு எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும்.

சுகந்தி மட்டும் கத்துவதில்லை. இந்த வருடம் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்குப் பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று. (கிழக்கென்றால் நல்லது.)

“ஆருக்குத் தெரியும்” என்றாள். “நான் பானையப் பாக்கல்ல. அந்த மனுசனுக்குப் பின்னால நீங்க வாறீங்களா எண்டுதான் பாத்துக்கிட்டு நிண்டன்.”